இருபது மருந்துப் பைகள்

"உங்க தயவுல நல்லாருக்கேன்." இந்த வார்த்தையைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். எங்கள் பக்கத்தில் யார் யாரைப் பார்த்து எப்படியிருக்கிறீர்கள் என்று கேட்டாலும் இதுதான் பதில். காலை முறித்துக்கொண்டு கட்டுப் போட்டுக் கிடப்பவனும் உங்கள் தயவில் நலம் என்பான். வீடு எரிந்துகொண்டிருந்தாலும், விசாரிக்க வந்தவரிடம் குனிந்து வணங்கி இதைச் சொல்லிவிட்டுத்தான் வாளியைத் தூக்குவோம். என் கணவர் ஷிகேயோஷி இதைச் சொல்வதில் மன்னாதி மன்னர். சொல்லிச் சொல்லியே சாகப் பார்த்தார்.

நாங்கள் முடிதிருத்துகிறவர்கள். யுனோசாவா ரயில் நிலையத்துக்கு எதிரே, அரிசிக் கடைக்கும் சைக்கிள் கடைக்கும் நடுவில் எங்கள் சலூன். இரண்டு நாற்காலி, ஒன்று அவருடையது, ஒன்று என்னுடையது. கல்யாணமாகி வந்த இரண்டாவது வருஷமே நானும் பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்கிவிட்டேன். முடி வெட்ட யார் கையானாலும் சரி, சவரத்துக்கு மட்டும் ஷிகேயோஷி கைதான் வேண்டும் என்று ஆட்கள் பத்திரிகை படித்துக்கொண்டு காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட கை.

அந்தக் கைக்கு ஒரு கேடும் வரவில்லை. நெஞ்சுக்குத்தான் வந்தது. முப்பது வயதில் மூக்கடைப்பாக ஆரம்பித்து, நாற்பதில் இருமலாகி, நாற்பத்தைந்தில் சளியாக நின்றது. சளி என்றால் நீங்கள் நினைக்கிற சளி இல்லை. மஞ்சளும் பச்சையுமாக ஒரு நாளைக்கு ஒரு டம்ளர். காலையில் எழுந்தால் முதல் ஒரு மணி நேரம் அதைத் துப்பத்தான். ஒரு ஆளுக்குத் தாடையிலிருந்து காது வரைக்கும் கத்தியை இழுப்பதற்குள் நான்கு தடவை திரும்பி நின்று இருமுவார். கழுத்தில் கத்தி இருக்கும்போது நாவிதன் இருமினால் யார்தான் நிம்மதியாகச் சாய்ந்திருப்பார்கள்? ஆனால் ஒருத்தரும் வாயைத் திறந்து சொல்லவில்லை. "இன்னைக்கு அம்மா கையால வெட்டிக்கலாம்னு ஆசையா இருக்கு" என்று என் நாற்காலிக்கு மாறினார்கள். அவரும் சிரித்துக்கொண்டே துண்டை எடுத்து எனக்குக் கொடுத்தார்.

இரண்டு மணி நேரம் ரயிலில் போனால் நகரம். அங்கே பல்கலைக்கழக மருத்துவமனை. எங்கள் ஜப்பான் கணக்கில் ஷோவா ஐம்பத்தாறு, அதாவது 1981 ஜனவரியில், பனி கூரையை அமுக்கிக்கொண்டிருந்த சமயம், அவரை அங்கே கூட்டிக்கொண்டு போனேன். நெஞ்சுநோய்ப் பிரிவின் தலைவர் பேராசிரியர் தாதேனோ. ஐந்து நாள் படம் எடுத்து, ஊதச் சொல்லி, குழாய் விட்டுப் பார்த்து, ஒரு நீளமான பெயரைச் சொன்னார்கள். நுரையீரலின் கடைசிக் கிளைகளில் நூல் கனத்துக்கு இருக்கிற குழாய்களெல்லாம் வீங்கி அடைத்துக்கொள்ளும் நோயாம். உள்ளே பச்சைச் சீழ்க் கிருமி என்று ஒன்று குடியேறியிருக்கிறதாம்.

அவர் சட்டையைப் போட்டுக்கொண்டிருந்தபோது பேராசிரியர் என்னை மட்டும் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டார். இந்தக் குளிர்காலத்தையும் சேர்த்து இரண்டு குளிர்காலம், அதற்கு மேல் எதிர்பார்க்காதீர்கள் என்றார். ஜூனில் ஒரு புது மருந்து வருகிறது, நரம்பில் ஏற்றிப் பார்ப்போம், ஆனால் நம்பிக்கை கொடுக்க முடியாது, உங்கள் கணவரிடம் சொல்ல வேண்டாம். எங்கள் ஊர் வழக்கம் அது. சாகப் போகிறவனைத் தவிர மற்ற எல்லோருக்கும் சொல்வார்கள். நான் குனிந்து நன்றி சொன்னேன். எதற்கு நன்றி சொன்னேனோ! உள்ளே போனேன். டாக்டர் என்ன சொன்னார் என்று இவர் கேட்டார். உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார் என்றேன். அப்படியானால் நானும்தான் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி. இதைச் சொல்லாமல் மற்றவர்களைத் திட்டுவது நியாயமில்லை.

பிப்ரவரியில் இவருக்கு ஜலதோஷம் வந்து காய்ச்சலும் சேர்ந்துகொண்டது. எங்கள் ஊரில் குசாகாபே என்று ஒரு டாக்டர். அறுபத்தைந்து வயது. தலையில் ஒரு கைப்பிடி முடி. அதற்கு இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை, செவ்வாய்க்கிழமை தவறாமல் சலூனுக்கு வருவார். வந்தவர் இவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஒரு மணி நேரத்தில் ஒரு வெள்ளை மருந்துப் பையை அனுப்பினார். எரித்ரோமைசின் மாத்திரை. சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, ஒரு நாளைக்கு மூன்று, பதினான்கு நாளைக்கு. தொண்டைவலி, காதுவலி, காய்ச்சல் என்று ஊரில் யார் போனாலும் கொடுக்கிற மாத்திரைதான்.

இரண்டு வாரத்தில் காய்ச்சல் போனது. இருமலும் சளியும் அதே டம்ளர். மறுபடி செவ்வாய்க்கிழமை வந்து நாற்காலியில் சாய்ந்த டாக்டர், எப்படியிருக்கிறது என்று கேட்டார். இவர் சொன்னார், "உங்க தயவுல நல்லாருக்கேன் டாக்டர்." அன்றைக்கே இன்னொரு பை வந்தது. அதற்கு அடுத்த தடவை வரும்போது டாக்டர் தன் கோட்டுப் பையிலேயே இன்னொரு மருந்துப் பையைக் கொண்டுவந்தார். அப்புறம் இன்னொன்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பலனும் இல்லாத மாத்திரையை எதற்காக விழுங்குகிறீர்கள் என்று கேட்டேன். அவர் இவ்வளவு தூரம் பனியில் கொண்டுவந்து கொடுக்கிறார், வேண்டாம் என்று எப்படிச் சொல்வது என்றார். வாடிக்கையாளர் வேறு.

இனி நான் சொல்வதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். ஏனென்றால் நான் கவனிக்கவில்லை.

மருத்துவமனையில் இவருக்குக் கோடு போட்ட ஒரு கிண்ணமும் ஒரு சின்ன நோட்டும் கொடுத்திருந்தார்கள். காலையிலிருந்து மறுநாள் காலை வரை வருகிற சளியை அதில் பிடித்து எவ்வளவு என்று எழுத வேண்டும். சவரக்கத்தியைத் தீட்டுகிற அதே ஒழுங்கோடு இவர் எழுதினார். கழுவுவது நான். ஏப்ரலில் ஒரு நாள் கழுவும்போது கிண்ணம் பாதிதான் இருந்தது. வெயில் வந்துவிட்டது, அதனால் என்று நினைத்தேன். மே மாதக் கடைசியில் மூன்றில் ஒரு பங்கு. நாற்று நடுகிற சமயம், காற்று சுத்தம் என்று நினைத்தேன். ஜூனில் நகரத்துக்குப் போய் இரண்டு வாரம் பேராசிரியருடைய புது மருந்தை நரம்பில் ஏற்றிக்கொண்டு வந்தார். ஜூலையில் கிண்ணத்தின் அடியில் ஒரு கரண்டி. ஆகஸ்டில் ஒரு நாள் அரிசிக் கடைக்காரருக்குத் தாடையிலிருந்து காது வரை கத்தியை இழுத்தார், திரும்பவே இல்லை. அரிசிக் கடைக்காரர் கண்ணைத் திறந்து கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் பின்கட்டுக்குப் போய்த் துண்டுக் கூடைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன்.

மாதாமாதம் நகரத்தில் இவரைப் பார்த்தது வேறு வேறு இளம் டாக்டர்கள். பேராசிரியர் மறுபடி பார்த்தது அக்டோபரில்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பார்த்தார். கடைசிப் பக்கத்தை மட்டும். எப்படியிருக்கிறது என்று கேட்டார். இவர் என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும். பேராசிரியர் முகம் மலர்ந்தது. மார்ச் மாதம் பெரிய டாக்டர்கள் கூடுகிற ஒரு கூட்டம் இருக்கிறதாம், புது மருந்தால் பிழைத்த ஆள் என்று இவரைப் பற்றிப் பேச வேண்டுமாம், அதற்காக நவம்பரில் இரண்டு வாரம் பரிசோதனைக்குப் படுத்தால் உதவியாக இருக்குமாம். நோயாளி ஆஸ்பத்திரியில் படுப்பது பேராசிரியருக்கு உதவி! இவர் நெற்றி முட்டியில் படக் குனிந்து சம்மதித்தார்.

ரயிலில் வரும்போது கேட்டேன், குசாகாபே டாக்டர் மாத்திரையைப் பற்றி ஏன் சொல்லவில்லை என்று. பேராசிரியர் பார்த்துக்கொண்டிருக்கும்போது இன்னொரு டாக்டரிடம் மருந்து வாங்கினேன் என்று சொன்னால் அவருக்கு எப்படியிருக்கும் என்றார். சரி, பேராசிரியரிடம் போவது குசாகாபே டாக்டருக்காவது தெரியுமா என்றேன். அவர் மனசு புண்படாதா என்றார். இரண்டு பக்கமும் மனசு புண்படாமல் பார்த்துக்கொள்கிற மனிதருக்குத் தன் நெஞ்சு மட்டும் புண்ணாகிக் கிடந்தது தெரியவில்லை.

நவம்பர் நடுவில் படுத்தார். பெட்டியில் துண்டு, செருப்பு, தேநீர்க் கோப்பை எல்லாம் வைத்தேன். மருந்துப் பையையும் வைத்தேன். அவர் எடுத்து வெளியே வைத்தார். கொண்டுவந்த மருந்துகளையெல்லாம் நர்ஸிடம் ஒப்படைக்க வேண்டும், பையில் குசாகாபே பெயர் இருக்கிறது, பேராசிரியர் கண்ணில் படும் என்றார். இரண்டு வாரம்தானே, ஒன்றும் ஆகாது. எனக்கும் அந்த மாத்திரைமேல் பெரிய நம்பிக்கை எதுவும் இல்லாததால் விட்டுவிட்டேன்.

இரண்டு வாரம் நீண்டுகொண்டே போனது. முதல் பத்து நாள் அவரை ஓடச் சொல்லி, ஊதச் சொல்லி, படம் பிடித்துக்கொண்டார்கள். அப்புறம் கிண்ணத்தில் ஒரு கரண்டி மூன்று கரண்டியானது. கால் கிண்ணமானது. டிசம்பர் தொடக்கத்தில் பாதி. பேராசிரியர் தன்னுடைய புது மருந்தை மறுபடி ஏற்றினார். இரண்டு நாள் தணிந்தது, பிறகு ஏறியது. டிசம்பர் பத்தாம் தேதி போனபோது மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தார்கள். உதடு கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வெளியே அந்த வருஷத்தின் முதல் பெரும் பனி விழுந்துகொண்டிருந்தது. இரண்டாவது குளிர்காலம்.

அன்றைக்குத்தான் எனக்குப் பொறி தட்டியது. பிப்ரவரி முதல் நவம்பர் வரை இருந்து, இப்போது இல்லாதது என்ன? கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அந்த மாத்திரை வீட்டு மேசைமேல் தூசி படிந்து கிடந்தது. மறுநாளே எடுத்துக்கொண்டு ஓடினேன். வாங்க மாட்டேன் என்றார். கெஞ்சினேன், திட்டினேன். தலையை ஆட்டினார். சரி, உங்களுக்கு வேறு வழி என்று, எள் அரைக்கிற வரிக்கிண்ணத்தில் மாத்திரையை மாவாக அரைத்து, மிசோ சூப்பில் கலந்து, ஃபிளாஸ்க்கில் ஊற்றிக் கொண்டுபோனேன். அந்த மாத்திரை உடைந்தால் எட்டிக்காய்க் கசப்பு என்று எனக்கு எப்படித் தெரியும்? ஒரு வாய் குடித்தார். விழுங்கினார். மூடியைத் திருகி என்னிடம் கொடுத்தார்.

"பேராசிரியர் கட்டில்ல படுத்துக்கிட்டு... அவருக்குத் தெரியாம... இன்னொருத்தர் மருந்தா? என்னைத்... திருடனாக்காத மிஸாவோ."

இவ்வளவைச் சொல்ல மூன்று தடவை நின்று மூச்சு வாங்கினார். என்னிடம் ஒரே ஒரு பதில் இருந்தது. நீங்கள் இந்தக் குளிர்காலத்தோடு சரி என்று அந்த மனிதர் சொல்லியிருக்கிறார் என்பது. நாக்கு நுனி வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு ரயிலேறினேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை குசாகாபே டாக்டர் வந்தார். நாற்காலியைச் சாய்த்து, சூடான துண்டைப் போட்டு எடுத்து, சோப்பு நுரையைத் தடவி, கத்தியைத் தொண்டையில் வைத்துவிட்டுக் கேட்டேன், "டாக்டர், எங்க வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரையை எதுக்காகக் குடுத்தீங்க?"

"ஏம்மா மிஸாவோ, கத்தியைக் கொஞ்சம்..."

"கத்தி இருக்குற இடத்துல இருக்கட்டும். சொல்லுங்க."

அசையாமல் சொன்னார். முதல் இரண்டு வாரம் காய்ச்சலுக்கு. அதோடு நிறுத்தத்தான் நினைத்தாராம். "எப்படியிருக்குன்னு கேட்டா உங்க தயவுல நல்லாருக்கேன்னு அவ்வளவு சந்தோஷமாச் சொன்னாரும்மா. நல்லாருக்குன்னு சொல்ற மனுஷன்கிட்டருந்து மருந்தை எப்படிப் பிடுங்குறது? அவருக்கு அது பிடிச்சிருக்குன்னு நெனச்சேன்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவர் விழுங்கியது அவர் மனசுக்காக. அவர் கொடுத்தது இவர் மனசுக்காக. இரண்டு பேருக்கும் வேண்டாத மாத்திரை ஒன்பது மாதம் ஓடியிருக்கிறது! இன்னொன்றும் சொன்னார். எங்கள் சலூனுக்கு ஆள் குறைந்துவிட்டது என்று கேள்விப்பட்டுத்தான் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை வந்தாராம். "என் தலையில வெட்ட என்னம்மா இருக்கு?" என்றார். நான் கத்தியை எடுத்து நுரையைத் துடைத்தேன். பல்கலைக்கழக மருத்துவமனை, பச்சைக் கிருமி எல்லாவற்றையும் சொல்லி, பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதித் தாருங்கள் என்று கேட்டேன். முகம் சுண்டிவிட்டது. ஜலதோஷ மாத்திரையை ஒன்பது மாதம் கொடுத்த ஊர் டாக்டர் என்று சிரிப்பார்களாம். அந்த மாத்திரைக்கும் அந்தப் பச்சைக் கிருமிக்கும் சம்பந்தமே இல்லையாம், அது அதற்குச் சாகவே சாகாதாம். சிரிக்கட்டும் என்றேன். அவர் எழுதவில்லை. போகும்போது பழக்க தோஷத்தில் கோட்டுப் பையிலிருந்து ஒரு மருந்துப் பையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அதை எடுத்து வைக்கச் சீப்பு அலமாரியைத் திறந்தேன். எனக்கு எதையும் தூக்கி எறிய மனசு வராது. காலிப் பைகளை, பின்பக்கத்தில் கணக்குப் போட உதவும் என்று தட்டையாக அடுக்கி வைத்திருந்தேன். ஒவ்வொன்றிலும் ஷிகேயோஷி பெயர், மருந்துப் பெயர், கொடுத்த தேதி, பதினான்கு நாளைக்கு என்று டாக்டர் வீட்டு நர்ஸின் குண்டு எழுத்து. எண்ணினேன். இருபது.

வியாழக்கிழமை காலை பேராசிரியர் வார்டைச் சுற்றி வருவார். அந்த நேரத்தில் சொந்தக்காரர்கள் தாழ்வாரத்தில் நிற்க வேண்டும். நோயாளிகள் சட்டையைத் திறந்து, கட்டில்மேல் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பார்கள். முன்னால் பேராசிரியர், பின்னால் பதினைந்து வெள்ளைக் கோட்டுகள், சாமி ஊர்வலம் தோற்றுப்போகும். நான் பின்னாலேயே நுழைந்தேன். ஒரு நர்ஸ் கையைப் பிடித்தாள், உதறினேன். பேராசிரியர் எங்கள் கட்டிலுக்கு வந்ததும், போர்வையின்மேல் இருபது பைகளையும் தேதி வரிசையாகப் பரப்பினேன். கட்டில் கம்பியில் தொங்கிய சளி நோட்டை எடுத்து முதல் பக்கத்தைத் திறந்து பக்கத்தில் வைத்தேன். இந்தப் பையையும் அந்தத் தேதியையும் சேர்த்துப் பாருங்கள் டாக்டர் என்றேன்.

பேராசிரியர் பைகளைத் தொடவில்லை. என் கணவரைப் பார்த்து, குடும்பப் பெயரைச் சொல்லி, "ஹோஷினா, நீங்க இதைச் சாப்பிட்டீங்களா?" என்று மென்மையாகக் கேட்டார்.

என் கணவர், மூக்கில் குழாயோடு, உட்கார்ந்தபடியே குனிந்து வணங்கினார். "இல்லை டாக்டர்... இவளுக்குக் கவலையில... புத்தி கலங்கிடுச்சு. உங்க தயவுல... நான் நல்லாத்தான் இருக்கேன்."

அவ்வளவுதான். பதினோரு மாதம் நெஞ்சுக்குள் அடைத்து வைத்திருந்தது உடைந்தது.

"இந்தக் குளிர்காலத்தோட சேர்த்து ரெண்டுன்னு அந்தத் தாழ்வாரத்துல நிக்க வச்சுச் சொன்னீங்களே டாக்டர்," என்றேன். "இதுதான் ரெண்டாவது. இன்னும் எத்தனை நாள் இவரு நல்லாருக்கணும்?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே உறைத்தது. என் கணவர் என்னைப் பார்க்கவில்லை. பேராசிரியரைப் பார்த்தார். அவர் இல்லையென்று சொல்வார் என்று காத்திருந்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி மாட்டினார், போர்வையைப் பார்த்தார். இல்லையென்று சொல்லவில்லை. என் கணவருக்கு அது போதும். ரொம்ப நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்.

"சாப்பிட்டேன். ஒன்பது மாசம்... மூணு வேளையும்."

மிகுரியா என்று ஓர் இளம் டாக்டர், வரிசையில் கடைசி ஆள். ஊர்வலத்தில் அப்படிப்பட்டவர்கள் வாய் திறப்பதில்லை. அவர் முன்னால் வந்து, தரையில் முட்டி போட்டு, ஒரு விரலைப் பையிலும் ஒரு விரலை நோட்டிலும் வைத்துப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். "டாக்டர், நம்ம மருந்து ஏத்துறதுக்கு முன்னாடியே மூணுல ஒரு பங்கா குறைஞ்சிருக்கு" என்றார். பேராசிரியர் கிருமிப் பரிசோதனைத் தாளை எடுக்கச் சொன்னார். இந்த மாத்திரைக்கு இந்தக் கிருமி அசையாது என்று அதில் போட்டிருந்தது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது என்பதைப் பெரிய வார்த்தைகளில் சொன்னார் பேராசிரியர். கிருமியைக் கொல்லாத மருந்தைக் கொடுப்பதில் அர்த்தமில்லை என்றார்.

"கிருமி சாகாட்டிப் போகுது டாக்டர்," என்றேன். "இவரு சாகாம இருந்தாப் போதும்."

பேராசிரியர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். நகர்ந்தபடியே, திரும்பாமல், "மிகுரியா, அது உங்க பொறுப்பு" என்றார். மாத்திரையைக் கொடுக்க அதுதான் அனுமதி; அவருக்குத் தெரிந்த மரியாதை அவ்வளவுதான்.

அடுத்த கட்டிலில் படுத்திருந்தவர் ஓயாமா. தபால்காரர், இதே நோய். அவர் மனைவி தாழ்வாரத்துக் கண்ணாடி வழியாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். மிகுரியா அவருக்கும் அந்த மாத்திரையைக் கொடுக்கலாமா என்று வாராவாரம் கேட்டிருக்கிறார். ஒரு ஆளை வைத்து முடிவு செய்யக்கூடாது என்று பதில். பிப்ரவரி நடுவில்தான் அனுமதி வந்தது. அந்த மாத்திரை வேலை செய்ய இரண்டு மாதம் ஆகும். ஓயாமாவிடம் இரண்டு மாதம் இருக்கவில்லை. அவர் போனபோது அவர் மனைவி ஒவ்வொரு டாக்டராகப் பார்த்துக் குனிந்து, உங்கள் தயவு என்று சொல்லிக்கொண்டே போனாள். என்னால் அந்த இடத்தில் நிற்க முடியவில்லை.

என் கணவர் என்னோடு பேசவில்லை. டிசம்பரிலிருந்து ஒரு வார்த்தை இல்லை. நர்ஸிடம், அவளுக்கு ரயில் நேரமாகிவிட்டது என்று சொல்லச் சொல்வார். மாத்திரையை மட்டும் வேளை தவறாமல் விழுங்கினார். ஜனவரி முழுக்கக் கிண்ணம் அசையவில்லை. நான்தான் கொன்றுவிட்டேனோ, உண்மையைச் சொல்லி அவர் உயிரைப் பாதி எடுத்துவிட்டேனோ என்று ரயிலில் எதிர் இருக்கைக்காரர் பார்க்க அழுதுகொண்டு வருவேன். பிப்ரவரி கடைசியில் கிண்ணம் கொஞ்சம் இறங்கியது. மார்ச்சில் பாதி. அந்தப் பெரிய கூட்டத்தில் பேராசிரியர் வேறு எதைப் பற்றியோ பேசினாராம்.

ஏப்ரலில் குழாயை எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் மிகுரியா என்னைக் கூப்பிட்டார். தாழ்வாரத்துக்கு இல்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அவரும் கேட்கும்படி. கிருமித் தாளைக் காட்டினார். பச்சைக் கிருமி அப்படியே இருந்தது, போன வருஷம் இருந்த அதே கணக்கில். "அது எங்கயும் போகல. இவரு நெஞ்சு அதுமேல ஓயாமச் சண்டை போட்டுப் போட்டு வீங்கிக் கெடந்துச்சு. இந்த மாத்திரை அந்த வீக்கத்தைத்தான் அடக்குது போல. கிருமியைக் கொல்லுற மருந்து கொல்லாமலே வேலை செய்யுது. ஏன்னு எனக்கு இன்னும் தெரியல" என்றார். தெரியவில்லை என்று ஒரு டாக்டர் சொல்லிக் கேட்டது அதுதான் முதல் தடவை. அவர் காலில் விழலாம்போல் இருந்தது.

வீட்டுக்கு வந்தும் பேசவில்லை. கூரையிலிருந்து கடைசிப் பனி வழிந்தது, பேசவில்லை. செவ்வாய்க்கிழமை குசாகாபே டாக்டர் வந்தார். இவர் எழுந்து, கத்தியைத் தீட்டி, தன் நாற்காலியைத் தானே சாய்த்தார். எப்படியிருக்கிறது என்று டாக்டர் பயந்து பயந்து கேட்டார். உங்கள் தயவில் நன்றாயிருக்கிறேன் என்றார் இவர். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தரையைக் கூட்டினேன். டாக்டர் பையை வைத்துவிட்டுப் போனார், கதவு மணி அடங்கியது. இவர் கத்தியைத் துடைத்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"பதினஞ்சு டாக்டருங்க முன்னாடி அந்தப் பெரிய மனுஷன் என்னை நேர்ல பார்த்துக் கேட்டுக்கிட்டிருக்குறப்ப கடைத்தெரு சண்டைக்காரி மாதிரி பைய விரிச்சு வச்சு என் மானத்தையும் அவரு மானத்தையும் குசாகாபே டாக்டர் மானத்தையும் ஒரே நேரத்துல கப்பலேத்தி விட்டுட்டு ஒண்ணுமே நடக்காத மாதிரி தெருக் கூட்டுற மாதிரி கூட்டிக்கிட்டு நிக்கிறியே உனக்கு வெக்கமா இல்ல?"

துடைப்பத்தைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றேன். மானத்தைப் பற்றி என்ன சொன்னார் என்பது பாதி காதில் விழவில்லை. ஆரம்பத்திலிருந்து முடிவு வரை ஓர் இடத்திலும் நிற்கவில்லை. இருமவில்லை, திரும்பவில்லை, மூச்சு வாங்கவில்லை. கல்யாணமான புதிதில் இப்படித் திட்டியிருப்பார். அதற்குப் பிறகு இப்போதுதான்.

"இன்னொரு தடவை திட்டுங்க" என்றேன்.